ஒன்றும் தெரியுதில்லையா? திருகோணமலை வானத்துக்கு ஒரு தொலைநோக்கிப் பிழைதிருத்தம்

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் முதல் கிழமையில் எடுக்கும் போன் எல்லாம் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணா, சாமான் பழுது போலக் கிடக்கு." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பழுதை விடுங்க, என்ன தெரியுது எண்டு சொல்லுங்க." சாமான் உண்மையிலேயே பழுதாக இருந்தது மிகக் குறைவு. மூடி கழற்றப்பட்டிருக்காது, இல்லாவிட்டால் காற்று, இல்லாவிட்டால் படத்தில் பார்த்ததை நேரில் எதிர்பார்த்திருப்பார்கள். இதெல்லாம் எந்த ஊரிலும் நடப்பது.

நம் ஊருக்கென்று இன்னொரு காரணம் இருக்கிறது. பெட்டியோடு வரும் கையேடு நமக்காக எழுதப்பட்டதல்ல. அதை எழுதுகிறவர்கள் 40, 50 பாகை வடக்கில் இருக்கிறார்கள். திருகோணமலை இருப்பது எட்டரைப் பாகையில். அவர்களுக்குத் தென்வானத்தில் சாய்வாகப் போகும் கிரகம் நமக்கு உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். அவர்களுக்கு நடுவானத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். கையேட்டில் சொன்னபடி செய்தும் சரிவரவில்லை என்றால் பல தடவை குற்றம் கையேட்டில்தான்.

கீழே உள்ளதை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. உங்கள் முறைப்பாடு எதுவோ அங்கே போங்கள். கண் வைக்கும் சின்னக் குழாயைப் பள்ளிக்கூடத்தில் பார்வைத்துண்டு என்று படித்தோம். கடையில் ஐபீஸ் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். நானும் ஐபீஸ் என்றே எழுதுகிறேன்.

"ஒரே இருட்டு"

முன்மூடியைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். கண்ணாடி வகைத் தொலைநோக்கிகளில் (முன்னால் வில்லைக்குப் பதில் குழாயின் அடியில் கண்ணாடி உள்ளவை) பெரிய மூடியின் மேல் இன்னொரு சின்ன மூடி இருக்கும். அதை மட்டும் கழற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். முழு மூடியையும் கழற்ற வேண்டும்.

அடுத்தது ஐபீஸ். மேலே 20, 10, 4 என்று எழுதியிருப்பது அதன் குவியத்தூரம், மில்லிமீற்றரில். குழாயின் குவியத்தூரத்தை அந்த எண்ணால் பிரித்தால் எத்தனை மடங்கு பெருக்கம் என்று வரும். 700 மி.மீ. குழாயில் 4 போட்டால் 175 மடங்கு. பெரிதாகத் தெரியட்டும் என்று எல்லாரும் முதல் இரவே அதைத்தான் போடுகிறார்கள். அந்தப் பெருக்கத்தில் உங்களுக்குத் தெரியும் வானத்துண்டு நிலாவின் பாதி அகலம்தான் இருக்கும். இவ்வளவு சின்ன ஓட்டையால் வானத்தைத் துழாவினால் இருட்டுத்தான் அகப்படும். 20 போடுங்கள். 35 மடங்கில் முழு நிலாவும் அடங்கி, சுற்றிவர இடமும் மிஞ்சும். எந்த இரவிலும் பெரிய எண்ணில்தான் தொடங்க வேண்டும். பொருளை நடுவில் கொண்டுவந்த பிறகு மற்றதை மாற்றலாம்.

அப்படியும் இருட்டு என்றால் குறிகாட்டி பிசகியிருக்கிறது. பெரிய குழாயின் முதுகில் இருக்கும் சின்னக் குழாயைத்தான் சொல்கிறேன். சிலதில் சிவப்புப் பொட்டு விளக்கு இருக்கும். அது காட்டும் இடமும் பெரிய குழாய் காட்டும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை இருட்டில் சரிசெய்யப் போனால் விடியும். பின்னேரம் ஐந்து மணிக்கு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று செய்யுங்கள். குறைந்தது ஒரு கிலோமீற்றர் தள்ளி நகராத ஒன்றைப் பிடியுங்கள். போன் கோபுரத்தின் உச்சி நல்லது, பனை வட்டு வேண்டாம், ஆடும். முதலில் பெரிய குழாயில் 20 போட்டுக் கோபுரத்தின் உச்சி விளக்கை நடுவில் கொண்டுவந்து திருகை இறுக்குங்கள். பிறகு பெரிய குழாயைத் தொடாமல் குறிகாட்டியின் திருகுகளை மட்டும் திருப்பி, அதன் நடுப்புள்ளியை அதே விளக்கில் வையுங்கள். 10 போட்டு இன்னொருமுறை. ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரண்டு மாதம் தேடிக் களைத்து, தொலைநோக்கியை அலுமாரிக்கு மேல் போட்டவரை எனக்குத் தெரியும்.

சிவப்புப் பொட்டு எரியவில்லையா? போன இரவு அணைக்க மறந்திருப்பீர்கள். உள்ளே காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கும். புதுப் பற்றரி போட்டும் எரியாவிட்டால், உப்புக்காற்று அந்தப் பித்தளைத் தகட்டில் பச்சை பிடித்திருக்கும். அழிறப்பரால் தேய்த்தால் போதும்.

"வெளிச்சம் வருது, தெளியுதில்லை"

குவியத் திருகை ஒரு முனையிலிருந்து மற்ற முனைவரை மெதுவாகத் திருப்பிப் பார்த்தீர்களா? அப்படியும் தெளியாவிட்டால், 45 அல்லது 90 பாகை மடங்கிய அந்த முழங்கைத் துண்டைக் கவனியுங்கள். முன்னால் வில்லை உள்ள வகைக்கு அது வேண்டும். அதில்லாமல் ஐபீஸை நேரே செருகினால் பெரும்பாலும் குவியம் எட்டாது. பின்னால் கண்ணாடி உள்ள வகைக்கு அது கூடாது. செருகினால் குவியம் எட்டாமல் போகும். தொலைநோக்கி ஓரிடத்தில், துணைச்சாமான் இன்னோரிடத்தில் என்று வாங்கியவர்கள் இங்கேதான் மாட்டுப்படுவார்கள்.

மூன்று மடங்கு என்று எழுதிய நீளக் குழாய் ஒன்றும் பெட்டியில் இருக்கும், பாலோ வில்லை. அதைக் கழற்றி ஒரு பக்கம் வையுங்கள். மலிவுப் பெட்டியில் வருவது படத்தைக் கெடுப்பதற்கென்றே செய்தது போல இருக்கும்.

இன்னொன்று, யன்னலுக்குள்ளிருந்து பார்க்கிறீர்களா? நுளம்புக்குப் பயந்து கண்ணாடியை மூடிவிட்டு உள்ளேயிருந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். யன்னல் கண்ணாடி சமதளமல்ல, நட்சத்திரம் இரட்டையாகவும் இழுபட்டும்தான் தெரியும். யன்னலைத் திறந்தாலும் அறைச்சூடு வெளியே ஓடும்போது படம் அலையும். வெளியேதான் வர வேண்டும். நுளம்புச் சுருளைக் காலடியில் கொளுத்தி, குழாயின் வாய்க்கு முன்னால் புகையும் சூடும் எழும்ப விடாதீர்கள், காற்றோடும் பக்கம் தள்ளி வையுங்கள். பூசும் மருந்தென்றால் பூசிய விரலால் ஐபீஸைத் தொடக்கூடாது. அதில் உள்ள டீட் என்ற சாமான் பிளாஸ்ரிக்கை உருக்கும், வில்லைப் பூச்சையும் கெடுக்கும். நீளக்கை சேட்டும் சாரமும் உதவும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள், கிட்டப்பார்வை தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடலாம், குவியத் திருகு ஈடுகட்டும். சிலிண்டர் பவர் கூட இருந்தால் போட்டபடியே பாருங்கள்.

"நட்சத்திரம் வடை மாதிரி, நடுவில கறுப்பு ஓட்டை"

இதைக் கிரகம் என்று நினைத்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். கண்ணாடித் தொலைநோக்கியில் குவியம் விலகினால் எந்த நட்சத்திரமும் வடைதான். நடு ஓட்டை, குழாயின் வாயில் நிற்கும் சின்னக் கண்ணாடியின் நிழல். திருகத் திருக வடை சுருங்கி ஒரு புள்ளியாகும். அதற்குமேல் எவ்வளவு பெருக்கினாலும் அது புள்ளிதான், உலகத்தின் பெரிய தொலைநோக்கியை நம் பிள்ளையார் கோயில் வீதியில் கொண்டுவந்து வைத்தாலும் அப்படித்தான்.

சரி, புள்ளியாக வராமல் ஒரு பக்கம் வால் முளைத்தால்? அப்போது கண்ணாடிகள் நேர்கோட்டில் இல்லை. நிலாவெளி வீதிக் குழிகளில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் இது எப்போதாவது வரும். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, பெருக்கத்தைக் கூட்டி, குவியத்தை லேசாக விலக்கி வடை ஆக்குங்கள். ஓட்டை வடையின் நடுவில் இருந்தால் பிழையில்லை. ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் குழாயின் அடியில் உள்ள மூன்று திருகுகளில் ஒன்றைக் காற்சுற்று மட்டும் திருப்புங்கள். நட்சத்திரம் பார்வையை விட்டு ஓடும். குழாயை நகர்த்தி மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஓட்டை நடுவை நோக்கி வந்ததா, இன்னும் விலகியதா? அதைப் பார்த்து அடுத்த திருகு. முதல் தடவை அரைமணி ஆகும், ஒருவர் பார்க்க ஒருவர் திருப்பினால் சுகம். வில்லை வகையில் இந்த வேலையே இல்லை, முதல் தொலைநோக்கிக்கு அதை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"தலைகீழாத் தெரியுது"

அப்படித்தான் தெரியும். வானத்தில் மேல் கீழ் கிடையாது.

"தொட்டால் ஆடுது, தொடாவிட்டாலும் ஆடுது"

குழாயில் விரலால் ஒரு தட்டுத் தட்டி எண்ணுங்கள். மூன்றுக்குள் ஆட்டம் நின்றால் முக்காலி நல்லது. ஆறு ஏழு போனால் சின்னத் திருத்தங்கள் வேண்டும். கால்களை நீட்டாமல் மடக்கியபடி வைத்து, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து பாருங்கள். முக்காலியின் நடுத்தட்டில் ஒன்றரை லீற்றர் போத்தலில் மணல் நிரப்பித் தொங்கவிடுங்கள். கடற்கரையில் கால்கள் புதையும், ஒவ்வொரு காலுக்கும் கீழே ஒரு துண்டுப் பலகை. மேல்மாடித் தட்டில் வைத்தால் வீட்டுக்குள் யாராவது கதவு அடித்தாலும் வியாழன் துள்ளும்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் வேறு. வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், காற்றுத்தான் நிற்க விடாது. தென்மேற்கிலிருந்து வருவதால் வீட்டின் கிழக்குச் சுவரோடு ஒட்டி நிற்பேன். முதுகுக்குச் சுவர், முகத்துக்குக் கடல். எழுந்து வருவதையெல்லாம் பார்க்க நமக்குக் கிழக்குத்தானே வேண்டும்.

"கொதிக்கிற தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி"

தொலைநோக்கி ஆடவில்லை, படம் மட்டும் நெளிகிறது என்றால் அது காற்றுமண்டலம். வெறுங்கண்ணால் மேலே பாருங்கள். தலைக்கு மேல் உள்ள நட்சத்திரங்களும் பதறி மினுங்கினால் அன்றைக்குப் பெரிய பெருக்கம் உதவாது, 35 மடங்கோடு நிறுத்திக்கொண்டு நட்சத்திரக் கொத்துகளைப் பாருங்கள்.

அநேகமாகக் காரணம் அவ்வளவு உயரத்தில் இருக்காது. பகல் முழுக்க வெயில் குடித்த கொங்கிறீற்றுத் தட்டு இரவு பத்து மணிவரை சூட்டைக் கக்கும். பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலாகச் சனியைப் பார்த்தால் சனியும் கொதிக்கும். புல்தரை, மண்முற்றம், மரநிழலில் கிடந்த இடம் இவை நல்லவை. மேல்மாடிதான் வேண்டும் என்றால் விடியற்காலை நான்கு மணிக்குப் போங்கள். அந்த நேரம் நான் பார்த்த வியாழனை முன்னிரவில் ஒருநாளும் பார்த்ததில்லை.

"நடுவில வைச்சேன், ஓடிட்டுது"

பூமி சுற்றுகிறது. வானம் ஒரு பாகை நகர நான்கு நிமிடம் எடுக்கும். கால் பாகைதான் தெரியும் பெருக்கத்தில் ஒரு நிமிடத்தில் சாமான் வெளியே. குழாயைச் சற்று முன்னால் தள்ளி வைத்து, அது பார்வைக்குள் நடந்து வரக் காத்திருங்கள்.

இந்த ஓட்டத்தைத் துரத்தவென்றே சாய்ந்த அச்சும் எதிர்ப்பாரக் கட்டையும் கொண்ட தாங்கி ஒன்று விற்கிறார்கள், ஈக்குவற்றோரியல் தாங்கி. பார்க்கக் கம்பீரமாக இருக்கும். அதைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அது தரும் தலைவலி வேறு ரகம்.

அந்த அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்க வேண்டும். துருவ நட்சத்திரம் எந்த ஊரிலும் அந்த ஊரின் அகலக்கோட்டளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் முட்டியின் அகலம் ஏறக்குறைய பத்துப் பாகை. உப்புவெளிக் கரையில் வடக்கே பார்த்து முட்டியைக் கடல்மட்டத்தில் வைத்தால் துருவ நட்சத்திரம் முட்டிக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அவ்வளவு தாழ்வு. கடல் ஈரப்புகை அதை விழுங்கிவிடும், அல்லது ஒரு தென்னோலை மறைக்கும். கண்ணால் தேடி நேரத்தைக் கழிக்காமல் போனில் உள்ள திசைகாட்டியால் வடக்கைப் பிடித்தாலே கண்ணால் பார்ப்பதற்குப் போதும்.

அடுத்த சிக்கல் அளவுகோல். மலிவுத் தாங்கிகள் பலவற்றில் அச்சை எட்டரைப் பாகைவரை இறக்க முடியாது, பதினைந்து இருபதிலேயே திருகு முட்டி நின்றுவிடும். மீதியை முக்காலியைச் சாய்த்துத்தான் ஈடுகட்ட வேண்டும். வடக்குப் பக்கம் பதியட்டும், தெற்குப் பக்கம் எழும்பட்டும். அச்சை இறக்கியதும் எதிர்ப்பாரம் முக்காலியின் வடக்குக் காலில் போய் இடிக்கும். கையேடு ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்லும், நாம் அதை மாற்றி ஒரு காலைத் தெற்கே வைத்து, வடக்குப் பக்கம் இரண்டு காலுக்கிடையே பாரம் ஆடுவதற்கு இடைவெளி விட வேண்டும். இவ்வளவும் செய்தபின் முழுப் பாரமும் வடக்கே சரிந்து நிற்கும், அதனால் தெற்குக் காலில் ஒரு மணல் பை. முதல் முறை என்னுடையது அப்படியே முன்னால் கவிழ்ந்தது. கீழே மணல் என்பதால் பிழைத்தது, ஆனால் குவியத் திருகின் பல்லுக்குள் போன மணல் இன்றைக்கும் கறகறவென்கிறது.

ஆகவே என் சொல்: இந்தத் தாங்கியை முதலில் வாங்காதீர்கள். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் சாதாரணத் தாங்கி நமக்குப் போதும்.

"தலைக்கு மேல திருப்ப ஏலாது"

இதுவும் எங்கள் அகலக்கோட்டின் வரம். கிரகங்கள் செல்லும் பாதை நமக்கு ஏறக்குறைய உச்சிக்கு மேலாகப் போகிறது. நீளமான வில்லைக் குழாயை அங்கே திருப்பினால் அதன் அடி முக்காலிக் காலில் முட்டும், அல்லது ஐபீஸ் முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். எழுந்து இரண்டு மூன்று மணிநேரத்தில், 40 பாகை உயரத்தில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள். கீழே ஈரப்புகையும் இருக்காது, கழுத்தும் பிழைக்கும். 90 பாகை முழங்கைத் துண்டு இருந்தால் இன்னும் சுகம். 45 பாகைத் துண்டு பறவை பார்க்கத்தான்.

"படத்தில இருக்கிற மாதிரி இல்லை"

இது பழுதல்ல, ஏமாற்றம். ஆனாலும் கொஞ்சம் திருத்தலாம்.

ஒரியன் நெபுலா என்ற வாயுமேகம் சிவப்பாக இல்லை, சாம்பல் புகை மாதிரி இருக்கிறது என்பார்கள். மங்கல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. படக்கருவி நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணுக்கு அந்த வசதி இல்லை. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும், அதற்குள் ஒருமுறை போனைப் பார்த்தால் கணக்கு மறுபடி பூச்சியம். ரோச் லைற்றுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள். மங்கலானதை நேராக முறைக்காமல் பக்கத்தைப் பார்ப்பது போல ஓரக்கண்ணால் பாருங்கள், புகை விரிந்து சிறகு முளைப்பது தெரியும்.

நிலாவில் குழிகளே இல்லை, வெள்ளைத் தட்டு என்று சொன்னால் அன்றைக்குப் பூரணையா என்று கேட்பேன். போயா லீவு என்பதால் அன்றைக்குத்தான் எல்லாரும் வெளியே எடுக்கிறார்கள். அன்றைக்கு வெளிச்சம் நேரே விழுவதால் நிழலே இராது. அட்டமிக்கு அண்டிய நாட்களில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோட்டைப் பாருங்கள், ஒவ்வொரு குழியும் தன் நிழலோடு நிற்கும்.

சனிக்கு வளையம் இல்லை என்று 2025இல் பலர் முறையிட்டார்கள். அவர்கள் கண்ணில் பிழையில்லை. அந்த ஆண்டு மார்ச் மாதம் வளையம் தன் விளிம்பை நமக்குக் காட்டி நின்றது, கோடு போல மெலிந்துவிட்டது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. அதன்பிறகு விரிந்து வருகிறது, 2030களின் தொடக்கத்தில் நன்றாக அகன்றிருக்கும். 50 மடங்கு போதும் அதைப் பார்க்க. சின்னதாகத்தான் இருக்கும், ஒரு எள் அளவு, ஆனால் வளையம் வளையமாகவே இருக்கும். வெள்ளி பிறை மாதிரித் தெரிகிறது என்றால் அதுவும் சரிதான், வெள்ளிக்கும் வளர்பிறை தேய்பிறை உண்டு.

எங்கிருந்து பார்ப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. தெற்கு வானம் நமக்குக் கிடைத்த சொத்து. இலண்டனில் இருப்பவர் தலைகீழாக நின்றாலும் ஒமேகா சென்ரோரி என்ற நட்சத்திரக் கொத்து எழாது, நமக்கு யூன் தொடக்கத்தில் இரவு ஒன்பது மணிக்கு 34 பாகை உயரத்தில் நிற்கிறது. தென்சிலுவை மே நடுப்பகுதியில் அதே நேரம் 21 பாகையில். அகத்தியர் நட்சத்திரம் பெப்ரவரியில். ஆனால் நிலாவெளியில் நின்று தெற்கே பார்த்தால் உங்களுக்கும் தென்சிலுவைக்கும் நடுவில் நகரத்து வெளிச்சமும் உப்புவெளி ஹோட்டல்களும் நிற்கும். மூதூர், சம்பூர்ப் பக்கம் போனால் அதே வெளிச்சம் வடக்கே போய்விடும், அங்கே இழப்பது துருவ நட்சத்திரம் ஒன்றைத்தான். கொட்டியாரக் குடாவைச் சுற்றிப் போகும் தூரத்துக்கு அது பெறுமதி. நிலாவெளியில் இருப்பவர்கள் கிழக்கே கடலுக்கு மேல் பாருங்கள், அங்கே மீன்பிடி விளக்கைத் தவிர வேறு தொல்லை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இது துறைமுக நகரம், கடற்படைத் தளம் உள்ள இடம். இரவில் கரையில் ஒரு நீளக் குழாயோடு நின்றால் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். துறைமுகத்தை நோக்கிக் குழாயைத் திருப்பாதீர்கள், கோட்டைப் பக்கம் போய் நிற்காதீர்கள், அடையாள அட்டையைப் பையில் வையுங்கள். ஒருமுறை சீருடையில் ஒருவர் ரோச் அடித்துக்கொண்டு வந்தார். நான் பேசாமல் குழாயை நிலாவுக்குத் திருப்பிக் கதிரையைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் நிமிர்ந்து வெறுங்கண்ணால் ஒருமுறை நிலாவைப் பார்த்துவிட்டு, "ஹந்தத?" என்றார். நிலாவா என்று கேட்டார். பிறகு தன்னோடு வந்தவரையும் கூப்பிட்டார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரத்தைவிட அவர்களுக்குத்தான் கூட.

"ஒரே பனிமூட்டம், வில்லை வேர்த்திருக்கு"

ஏசி அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தீர்கள். குளிர்ந்த வில்லையில் நம் கடற்காற்றின் ஈரம் உடனே படியும், குளிர்ப்போத்தலின் வெளிப்பக்கம் போல. துடைக்காதீர்கள், உப்பும் தூசும் சேர்ந்து அரத்தாள் மாதிரிக் கீறும். பையை மூடியபடி வெளியே அரைமணி வைத்துவிட்டுத் திறந்தால் இது வராது. பின்னிரவில் தானாகப் படியும் பனிக்குக் கறுப்பு மட்டையைச் சுருட்டிக் குழாயின் வாயில் மாட்டுங்கள், விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம்.

சூரியனைப் பற்றி

முறைப்பாடு வரக் காத்திருக்கக்கூடாத விடயம் இது. பெட்டியில் ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி ஒன்று 'சூரியன்' என்று எழுதியிருந்தால் இப்போதே குப்பையில் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும், வெடித்த கணத்தில் கண் போய்விடும். சூரியனைப் பார்க்கப் பாதுகாப்பான வழி, குழாய்க்குப் பின்னால் வெள்ளை அட்டை பிடித்து உருவத்தை அதில் விழுத்துவது. அப்போதும் பிள்ளைகளைக் குழாயிடம் தனியே விடக்கூடாது, குறிகாட்டிக்கு மூடி போட்டிருக்க வேண்டும்.

"எல்லாம் செய்தாச்சு, இன்னும் சரியில்லை"

சரி, அப்போது சாமான்தான் பிழை. பெட்டியில் 525 மடங்கு என்று போட்டிருக்கிறதா? 700 மி.மீ. குழாய், 4 மி.மீ. ஐபீஸ், மூன்று மடங்கு பாலோ, பெருக்கினால் வரும் எண் அது. விட்டம் 60 மி.மீ. என்றால் உருப்படியான உச்சம் 120தான், விட்டத்தின் இரண்டு மடங்கு. அதற்குமேல் மங்கலைத்தான் பெரிதாக்கலாம். ஐபீஸின் செருகும் பகுதியை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 31.7 மி.மீ. இருந்தால் நல்ல ஐபீஸ் பிறகு வாங்கிப் போடலாம், 24.5 என்றால் அந்தக் குழாயில் காசு போடாதீர்கள். குழாய் அரை மீற்றர்தான், குவியத்தூரம் 1000 மி.மீ. என்று போட்டிருக்கும் 114 மி.மீ. கண்ணாடி வகையையும் விடுங்கள், உள்ளே ஒளித்து வைத்த வில்லையால் கணக்கு ஒப்பேற்றியிருப்பார்கள். வில்லையும் கண்ணாடியும் சேர்ந்த மக்சுடோவ் வகை குட்டையாக இருப்பது வேறு, அது நல்ல சாமான்.

எதை வாங்குவது? இதுவரை எதுவும் வாங்காதவர் என்றால் முதலில் 10x50 இருகண் நோக்கி. கார்த்திகைக் கூட்டம், வியாழனின் நான்கு நிலாக்கள், ஒமேகா சென்ரோரி எல்லாம் அதிலேயே வரும், வானம் பிடிக்காவிட்டால் கிரிக்கெற் பார்க்கலாம். போனில் ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியைப் போட்டு ஊரைத் திருகோணமலை என்று கொடுங்கள். மூன்று மாதம் இப்படிப் போன பின்னும் ஆசை இருந்தால் 70 மி.மீ. விட்டம், 700 மி.மீ. குவியத்தூரம் கொண்ட வில்லை வகை, சாதாரணத் தாங்கியில். இருட்டில் 7 மி.மீ. விரியும் கண்மணியைவிட 100 மடங்கு ஒளியை அது வாங்கும். தோளில் மாட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகலாம். நிலாவைச் சுற்றி ஒரு மெல்லிய ஊதா விளிம்பு தெரியும், அது அந்த வகையின் குணம்.

வீட்டில் மண்முற்றமும் வைக்க இடமும் உள்ளவர்களுக்கு 130 அல்லது 150 மி.மீ. டொப்சோனியன். மரப்பெட்டியில் உட்கார்ந்து பீரங்கி போலத் திரும்பும் கண்ணாடி வகை அது. 150 மி.மீ. என்றால் 70ஐவிட நாலரை மடங்கு ஒளி. உச்சிக்குத் திருப்பினாலும் ஐபீஸ் இடுப்பு உயரத்தில் நிற்கும், முட்ட முக்காலியே இல்லை. வடக்கும் வேண்டாம், பாகையும் வேண்டாம். இதை உருவாக்கிய ஜோன் டொப்சன் சான் பிரான்சிஸ்கோவில் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்த வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர், கிடைத்த பலகையும் கண்ணாடியும் கொண்டு செய்து தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டியவர். இராமகிருஷ்ண மிஷன் பள்ளியில் படித்தவர்கள் நிறைந்த ஊருக்கு இது கொஞ்சம் கிட்டத்துச் செய்தி. நம் அகலக்கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தாங்கியை நான் காணவில்லை.

"மழை விட்டு எடுத்தால் வில்லைக்குள்ள சிலந்தி வலை"

பூஞ்சணம். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை மழையில் மூடிவைத்த சாமானுக்கு வருவது இதுதான். ஆரம்பம் என்றால் வில்லை துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தால் போகும், விட்டால் பூச்சைத் தின்றுவிடும். அரிசிப் பானைக்குள் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், மாத்தூசுதான் மிச்சம். ஐபீஸ்களை ரப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் போட்டு, நிறம் மாறும் சிலிக்கா ஜெல் இரண்டு கைப்பிடி போடுங்கள். பெரிய குழாயை உறையில் இறுக்கி மூடாமல், இரண்டு பக்க மூடியும் போட்டுக் காற்றோடும் அறையில் நிமிர்த்தி வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். நீலம் வெளிறி இளஞ்சிவப்பாகியிருந்தால் மணிகளைத் தாச்சியில் போட்டு மெல்லிய சூட்டில் வறுங்கள், நீலம் திரும்பும். தாச்சியை அதற்கென்று வேறாக வையுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் வேறு பிழைதிருத்தம் தேவைப்படும்.